சந்தனம் தின்ற முகம்

“அப்பா வரைக்கும் போட்டாப் போதும் பிள்ளை. அதுக்கு மேல உங்கட ஆக்களிட்ட எழுத என்ன இருக்கு?”

அச்சகக்காரர் இதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அப்பா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கல்வெட்டு அடிப்பதற்காகத் திருகோணமலை நகரத்தில் அவருடைய கடைக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய படம், குடும்ப வரலாறு, சில தேவாரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு புத்தகமாக அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்போம். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் கல்வெட்டு அடித்ததில்லை. அடித்தாலும் வாசிக்க ஆள் இருந்ததில்லை.

மாதிரிக்கென்று அவர் பழைய கல்வெட்டுகள் சிலவற்றை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றும் ஏதாவதோர் ஊரில் தொடங்கியது. இன்ன ஊரைப் பூர்வீகமாகக் கொண்டவர், இன்ன வைத்தியரின் பேரன், இன்ன கோயில் தர்மகர்த்தாவின் பூட்டப்பிள்ளை என்று முதல் பக்கம் நிறைந்து கிடந்தது. நான் கொண்டுபோன தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. அப்பா, அம்மா, நான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

“இருக்கு. கொண்டுவாறன்,” என்றேன்.

என்ன இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது. ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பாடசாலைப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான்தான். இப்போது கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். அனுராதபுரத்து அரசர்களை வரிசை பிசகாமல் சொல்லுகிறவள், தன் அப்பாவின் தாத்தா எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் முழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அட்டைக்கு அப்பாவின் நல்ல படம் ஒன்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். அடையாள அட்டைக்கு எடுத்த படம். துறைமுகத்துக்குள் போகிற பாஸுக்கு எடுத்த படம். சண்டைக் காலத்தில் முகாமில் பதிவதற்காக எடுத்த படம். அப்பாவின் ஆயுளில் அவரைப் படம் எடுத்ததெல்லாம் யாரோ ஒரு சிப்பாய் பார்த்துவிட்டுப் போ என்று கைகாட்டுவதற்காகத்தான். எல்லாவற்றிலும் ஒரே முகம். பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை, இரண்டையும் வெளியே காட்டாமல் வைத்துக்கொண்ட முகம். அவர் சிரித்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. என் பட்டமளிப்பு விழாவில் என்னோடு நிற்கிறார். அதில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

“கண்ணைத் திறந்துவிடலாம்,” என்றார் அச்சகக்காரர். “பாஸ் படத்தில இருக்கிற கண்ணை எடுத்து இதில வைச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கோட் போடவோ, பட்டு வேட்டி சால்வையோ?”

“பாஸ் படத்தையே போடுங்கோ. சேட்டோடயே விடுங்கோ.”

“கொலர் மடிஞ்சிருக்கு.”

“அது அப்பிடித்தான் எப்பவும் மடிஞ்சிருக்கும்.”

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படத்தை எடுத்து வைத்தார்.

எங்கள் வீடு சீனக்குடாவில் இருக்கிறது. அப்பா அங்கே இறங்குதுறையில் மூட்டை தூக்கினார். வீட்டுக்குப் பின்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால், காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாகத் தெரியும். சின்ன வயதில் அப்பா என்னை விறகு பொறுக்கக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். “இஞ்ச கல்லுக்கு வெடி வைக்க வந்த ஆள்தான் உன்ட பூட்டன். தங்கம் தோண்டின ஊரில இருந்து கூட்டிக்கொண்டு வந்தவங்கள். தங்கவயல்.”

தங்கவயல் என்பது ஊரின் பெயரா, வேலையின் பெயரா என்று அப்பாவுக்குத் தெரியாது. தன் அப்பா சொன்னதை அவர் சொன்னார், அவ்வளவுதான். இறங்குதுறையில் இதைச் சொன்னால், கூட வேலை செய்கிறவர்கள் விடமாட்டார்கள்.

“தங்கம் தோண்டின பரம்பரையெண்டா மனிசிக்கு ஒரு மூக்குத்தியெண்டாலும் செய்து குடுத்திருக்கலாமே.”

அம்மாவின் மூக்கில் அப்போது ஈர்க்குத் துண்டுதான் இருந்தது. அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார்.

“தோண்டினது நாங்கள். போட்டது ஆரெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்.”

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அம்மா போனார். இப்போது அப்பாவும் போய்விட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. இந்த ஊரில் எனக்கு உறவென்று மிஞ்சியது பாலையூற்றில் இருக்கும் மாமியும் அவருடைய மகளும்தான். மாமி அப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே பழைய படமும் அவரிடம்தான் இருந்தது.

அச்சகத்திலிருந்து நேரே மாமி வீட்டுக்குப் போனேன். மாமி குசினியில் இருந்தபடியே, “சாப்பிட்டியே?” என்றார். நான் பதில் சொல்லும் முன்பே சோறு போட்டாயிற்று. சாப்பிட்டு முடிய, சாமியறைக்குள் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன்.

பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில் பூட்டன், அப்பாவின் தாத்தா, தொங்கினார். தலைப்பாகை கட்டிய ஒருவர் வெறுங்காலோடு நிற்கிறார். ஒரு கை கதிரையின் முதுகில் இருக்கிறது. மற்றக் கையில் சின்ன விளக்கொன்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பின்னால் துணியில் வரைந்த தூணும் திரையும். முகம் இருக்கும் இடத்தில் கண்ணாடிக்கு மேல் சந்தனமும் குங்குமமும் தடிப்பாகப் படிந்திருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் மாமி குளித்துவிட்டு வந்து, படத்தில் இருப்பவரின் நெற்றி எங்கே என்று பார்த்துச் சந்தனம் குழைத்து வைப்பார். பழையதைத் துடைப்பதில்லை. பெரியவர்களின் பொட்டைத் துடைக்கக் கூடாதென்று அவருடைய எண்ணம்.

“மாமி, இந்தப் படத்தைக் கல்வெட்டில போடப்போறன்.”

“போடன். நல்லதுதானே. கோயில் விளக்குக்காரர் எண்டு போடு.”

மாமியிடம் இருந்த கதை அது. எங்கள் பூட்டன் இந்தியாவிலிருந்து கோணேசர் கோயிலுக்கு விளக்குப் பிடிக்க வந்த ஆள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கையில் விளக்கு இருக்கிறதே. அப்பா தங்கம் என்பார், மாமி கோயில் என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்தியதில்லை.

“படம் எடுக்கோணுமெண்டா பொட்டைத் துடைக்கோணும் மாமி.”

அவர் படத்தைத் தானே கழற்றி மடியில் வைத்து, செம்பில் தண்ணீர் எடுத்துச் சீலைத் தலைப்பால் மெல்ல மெல்லத் துடைத்தார். குழந்தையின் வாயைத் துடைப்பது போல இருந்தது. சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. கீழே கண்ணாடியில் குறுக்காக ஒரு வெடிப்பு. மாமி குடும்பத்தோடு இடம்பெயர்ந்து ஓடியபோது ஏற்பட்ட வெடிப்பு என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமாகச் சந்தனத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது.

முகம் இல்லை. தலைப்பாகைக்குக் கீழே மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை. படத்தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போய், உரித்தால் மிச்சமும் வந்துவிடும் போல இருந்தது. ஒரு காது மட்டும் மிஞ்சியிருந்தது. வெளியே விரிந்த காது. அப்பாவின் காது.

மாமி சீலைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

“நானெல்லோ அழிச்சுப் போட்டன்,” என்றார். பிறகு குரலை மாற்றி, “இந்தக் கண்ணாடி அப்பவே மாத்தியிருக்கோணும். உன்ட மாமாவுக்கு எத்தினை தரம் சொன்னனான்,” என்று, செத்துப்போன மாமாவைக் கொஞ்ச நேரம் ஏசினார்.

நான் தொலைபேசியில் படத்தைப் பல தடவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாட்களில் பாடசாலை விட்டு வந்தால் பேச ஆள் இல்லை. வகுப்பில் நாள் முழுக்கக் கத்துவேன், பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் வாய் மூடிவிடும். சனி ஞாயிறுகளில் கடையில் பாண் கேட்கும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும். அது அடைத்துப்போய் வேறு யாருடையதோ போல வரும். கடைக்காரர், “தடிமனோ டீச்சர்?” என்று கேட்பார். ஓம் என்பேன்.

அப்படியான பின்னேரம் ஒன்றில்தான் தங்கவயல் என்று தேடினேன். அது ஊரின் பெயர்தான். கோலார் தங்கவயல். கோலாரில் தங்கம் எடுத்தார்கள் என்று புவியியல் பாடத்தில் ஒரு வரி படித்து, பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். அந்தக் கோலாரும் அப்பா விறகு பொறுக்கும்போது சொன்ன வயலும் ஒன்றென்று என் புத்தி சேர்த்துப் பார்க்கவில்லை.

பிறகு தினமும் தேடினேன். கன்னட நாட்டில் இருக்கிற ஊர், ஆனால் நிலத்துக்குக் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலானோர் தமிழர். வட ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மழை பொய்த்த காலங்களில் நடந்தும் ரயிலேறியும் வந்தவர்கள். கம்பெனி அவர்களுக்கு வரிசை வரிசையாகச் சின்ன வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. வெள்ளைக்காரருக்குப் பங்களாவும் தோட்டமும். ஊர்கள் பல இருட்டில் கிடந்த காலத்திலேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. வெளிச்சம் முதலில் போனது சுரங்கத்துக்குத்தான். கூண்டில் ஏற்றிக் கீழே விடுவார்களாம். ஆழம் போகப் போகப் பாறையே சுடும். கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய தூளைக் குவித்துக் குவித்து, ஊருக்கு நடுவே சாம்பல் நிற மலைகளே உண்டாகிவிட்டன. காற்று அடித்தால் அந்தத் தூள் சோற்றுப் பானைக்குள்ளும் விழும். நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் வெளியே வராது.

அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். பூட்டன் இருமினால் குடாவுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று அப்பா சொல்வார். சுருட்டுக் குடித்துத்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

சில வேளை ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும். அப்போது மேலே நிலம் நடுங்கும், வரிசை வீடுகளில் பாத்திரம் உருளும். பெண்கள் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடி, கூண்டு மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் வருகிறார், யார் வரவில்லை என்று. இதை வாசிக்க எனக்குப் புதிதாக இல்லை. துறைமுகப் பக்கம் வெடிச் சத்தம் கேட்ட நாட்களில், அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், இறங்குதுறை வாசலில் அப்பா வரும்வரை நின்றிருக்கிறார்.

இப்போது அந்தச் சுரங்கங்களை மூடிவிட்டார்கள். வரிசை வீடுகள் இருக்கின்றன. அங்கே இருக்கிறவர்கள் விடிய ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டத் திரும்புகிறார்களாம். தங்கத்தை எடுத்த ஊரில் மிஞ்சியது அந்தச் சாம்பல் மலைகள்தான்.

அந்த ஊர்க் குடும்பங்களின் பழைய படங்களை அவர்களுடைய பிள்ளைகள் இணையத்தில் போட்டிருந்தார்கள். கதிரையில் அமர்ந்த கிழவிகள், கோட் மாட்டிய வெறுங்கால் ஆண்கள், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு பிள்ளைகள். நான் காதுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். முகம் இல்லாத ஒருவரின் சொந்தக்காரரை வேறெப்படித் தேடுவது. காது எங்கும் பொருந்தவில்லை, அல்லது எல்லாக் காதும் பொருந்தியது. ஆனால் ஒரு படத்தில் சுரங்கத்துக்குள் இறங்கப் போகும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் விளக்கு. அடியில் சின்னக் குடுவை, முன்னால் கிண்ணம் போல ஒரு தகடு, மேலே மாட்டுவதற்குக் கொளுக்கி. பூட்டனின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே குடுவை, அதே தகடு, அதே கொளுக்கி. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த ஒரு மனிதர் ஒருநாள் கூலியைச் செலவழித்து ஸ்டூடியோவுக்குப் போய், கையில் எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யோசித்து, தன் விளக்கைக் கொண்டுபோயிருக்கிறார்.

அந்த மனிதர் என்னுடையவர் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

கல்வெட்டின் முதல் பக்கத்தை எழுதினேன். எழுதி முடித்ததும் மாமியை நினைத்தேன். மாமிக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லாமல் அச்சடித்தால், யாராவது வாசித்துக் காட்டும்வரை அவருக்குத் தெரியவராது. வாசிக்கத் தெரியாத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் எழுதுவதற்கா நான் படித்தேன். அடுத்த சனிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன்.

மச்சாளும் இருந்தாள். மாமியின் மகள், என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுக்கு நகரத்தில் ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல நேரம் வந்தாய்,” என்றார் மாமி. “அந்த ஆக்களும் முப்பத்தொண்டுக்கு வருவினம். உன்ட வளவைக் கொஞ்சம் கூட்டி வை. மான் வந்து புழுக்கை போட்டபடி கிடக்கும்.”

“இதை வாசிக்கிறன் மாமி. கேளுங்கோ.”

வாசித்தேன். கோலார் தங்கவயலைப் பூர்வீகமாகக் கொண்டவரும், அங்கு தங்கச் சுரங்கத் தொழிலாளியாக இருந்து பின்னர் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பாறை உடைக்க அழைத்துவரப்பட்டவருமான இன்னாரின் பேரன் என்று, அப்பாவின் பெயர் வரும்வரை நிறுத்தாமல் வாசித்தேன். தொலைபேசியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மாமி கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார்.

“விளக்கெண்டா விளக்குத்தானே. எல்லா விளக்கும் இப்பிடித்தான் இருக்கும்.”

“கோயிலில கொளுக்கி வைச்ச விளக்குப் பிடிக்கிறேல்லை மாமி.”

“கோயில் எண்டு போட்டா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“அப்பா ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை.”

“உன்ட அப்பாவுக்குக் குமர் ஒண்டைக் கரைசேர்க்கிற கவலை இருக்கேல்லை. நீ படிச்சுக்கொண்டே இருந்தாய், அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்.”

மச்சாள், “அம்மா,” என்றாள். மாமி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் ரெண்டாம் வகுப்பு வரைக்கும் போனனான், தெரியுமே உனக்கு? வாத்தியார் இடாப்பில என்ட பேரைக் கூப்பிடேக்க பின்னுக்கிருந்து கள்ளத்தோணி எண்டு சொல்லுவாளவை. வாத்தியார் சிரிக்காத மாதிரி இருப்பார். வீட்ட வந்து எங்கட அப்புட்ட, உன்ட அப்பப்பாட்ட, கேட்டன், நாங்கள் தோணியில வந்த ஆக்களோ எண்டு. அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் நான் போகேல்லை. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கவும் இல்லை. அதுக்குப் பிறகு கோயில் எண்டு சொல்லத் தொடங்கினது நான்தான். அதைச் சொல்லித்தான் இந்த ஊரில தலை நிமிர்த்தினனான். நீ இப்ப வந்து சுரங்கத்துக் கூலி எண்டு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கப் போறாய். படிச்சனீ. உனக்கு அது வரலாறு.”

அந்தக் கதையைச் சொந்தமாகக் கட்டியவர் மாமி என்று அன்றுதான் அறிந்தேன். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, கையில் கிடைத்ததை எடுத்துத் தன்னை மூடிக்கொண்டதாகத்தான் தோன்றியது. ஆனால் என் தாளில் இருந்ததை மாற்றவும் எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவர் சொல்லிச் சிரிப்பு வாங்கிய ஒன்றை, உண்மை என்று அச்சில் வைப்பது.

“மாத்த ஏலாது மாமி,” என்றேன்.

“அப்ப என்ட பேரை எடுத்துவிடு.”

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. கல்வெட்டில் இறந்தவரின் உறவுகளைச் சொல்லும்போது இன்னாரின் அன்புச் சகோதரன் என்று ஒரு வரி வரும். அந்த வரியைத்தான் சொன்னார்.

“நீங்கள் அவற்ற ஒரே தங்கச்சி.”

“ஓம். அது எனக்கும் அவருக்கும் தெரியும். புத்தகத்துக்குத் தெரியத் தேவையில்லை.”

வெளியே வந்தபோது மச்சாள் கேற்றுவரை வந்தாள். “பஸ் வருது, ஓடு,” என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். அவருடைய விருப்பத்துக்கு மாறாகப் பெயரைப் போடுவதும் சரியில்லை என்று பட்டது. மாமியின் பெயர் அவருடையது, அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் பாடு. அச்சகத்துக்குப் போய் அந்த வரியை என் கையாலேயே வெட்டினேன். அச்சகக்காரர் வாசித்துப் பார்த்தார்.

“தங்கச் சுரங்கமோ?” என்றார். அவர் குரலில் முன்பிருந்த அலுப்பு இல்லை. “இது நல்லா இருக்கே. ஆனா படத்தில முகம் இல்லையே பிள்ளை. உங்கட அப்பாட முகத்தை வைச்சு மீசை போட்டுத் தரட்டே? இப்பத்தைக் கம்பியூட்டர் அச்சொட்டாச் செய்யும்.”

“வேண்டாம். இருக்கிறபடி போடுங்கோ.”

“கறையெண்டு நினைப்பினம்.”

“கறைதான்.”

முப்பத்தோராம் நாள் மாமி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு தேங்காய் துருவ உட்கார்ந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் கேற்றடியில் ஆட்டோ நின்றது. மாமி பெரிய சமையல் கிடாரம் ஒன்றோடு இறங்கினார். துருவலையை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு நாள் முழுக்கக் குசினி அவருடையதாயிற்று. புளி காணாது என்றார், வாழையிலையைக் கழுவினவள் யார் என்று கேட்டார், அப்பாவின் படத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பைத் தன் கையாலேயே படைத்தார். படைக்கும்போது மட்டும் கண்ணைத் துடைத்தார்.

மத்தியானம் மாப்பிள்ளையின் தாயும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. கல்வெட்டுகளைத் தட்டில் அடுக்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்வெட்டை யாரும் அங்கே இருந்து வாசிப்பதில்லை, படம்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் அட்டையைப் பார்த்து, “நல்ல மனிசன், முகத்திலயே தெரியுது,” என்றார். பக்கத்தைப் புரட்டினார். பூட்டனின் படத்தில் நின்றார்.

“இது ஆர் பிள்ளை, சாமியாரோ? முகமெல்லாம் ஒளியா இருக்கு. கையில விளக்கும் வைச்சிருக்கிறார்.”

மாமி பாயாச வாளியோடு குசினி வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை, கோபமும் இல்லை. அப்பா பாஸ் படத்தில் வைத்திருந்த அதே முகம்.

ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும்.

“என்ட பூட்டன்,” என்றேன். “தங்கச் சுரங்கத்தில கூலி வேலை செய்தவர். அது சுரங்க விளக்கு. முகம் பழுதாப் போச்சு.”

“அப்பிடியோ,” என்றார் அவர். அடுத்த பக்கத்தில் தேவாரம் இருந்தது. அதையும் புரட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தி மாமியிடம், “சவ்வரிசி எங்க வாங்கினனீங்கள்? எங்கட கடையில கிடைக்கிறதெல்லாம் கரைஞ்சு போகுது,” என்று கேட்டார்.

மாமி கடையின் பெயரைச் சொன்னார். எல்லோரும் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, மிஞ்சிய சோற்றை எனக்கு மூடி வைத்துவிட்டு, கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கதிரையில் வைத்திருந்த கல்வெட்டை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டு தடவை பாலையூற்றுக்குப் போனேன். ஒரு தடவை கோயிலுக்குப் போய்விட்டார் என்றார்கள். மற்றத் தடவை உள்ளே சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மச்சாளுக்குக் கலியாண எழுத்து முடிந்ததை அவள் தன் தொலைபேசியில் போட்ட படத்தில்தான் பார்த்தேன். அந்த நகரத்து மாப்பிள்ளையேதான். மாமி பச்சைச் சேலையில் மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் இருந்து சிரிக்கிறார். நான் சொன்னதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் நான் இல்லை. மச்சாளுக்குப் பக்கத்தில் எனக்குரிய இடத்தில் யாரோ ஒரு பக்கத்து வீட்டுப் பெண் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பின்னேரம் நான் விளக்குப் போடாமலே இருந்தேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

நான் எழுதியது பிழை என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. பாடசாலையில் ஒருநாள் உங்கள் பூட்டன் எந்த ஊர் என்று பிள்ளைகளைக் கேட்டேன். மூதூர் என்றார்கள், நிலாவெளி என்றார்கள், தெரியாது என்றார்கள். ஒரு சின்னவள் எழும்பி, “உங்கட பூட்டன் டீச்சர்?” என்று கேட்டாள். சொன்னேன். தங்கமா என்று வகுப்பே வாயைப் பிளந்தது. கரும்பலகையில் ஊரின் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டினேன். ஆனால் நான் அந்த ஊரைக் கண்டதில்லை. இணையத்தில் யாரோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டுதான் அதற்காக மாமியை இழந்திருக்கிறேன். அந்தச் சாம்பல் மலையில் ஒருமுறை காலை வைக்காமல் அதைப் பற்றி இனிமேல் யாரிடமும் பேசுவது எனக்கு அழகில்லை.

போன கிழமை மச்சாளுக்கு எடுத்தேன். வாழ்த்துச் சொன்னேன். தங்கவயலுக்குப் போகப்போவதையும் சொன்னேன். அவள் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ கதைத்தாள்.

“அம்மா கேக்கச் சொல்லுறா, அங்க போய் ஆரைப் பார்க்கப் போறாய் எண்டு.”

“அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லு.”

மறுபடியும் கதைத்தாள்.

“ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏன் போறாய் எண்டு கேக்கிறா.”

மாமி அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தார், மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. தொலைபேசியை மட்டும் வாங்கவில்லை.

“பார்த்துட்டு வந்து சொல்லுறன் எண்டு சொல்லு,” என்றேன்.

கடவுச்சீட்டை விசாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஆவணி விடுமுறைக்குப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று. அங்கிருந்து, தங்கவயலுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்காரப்பேட்டைக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரத்தில் ஒரு இருக்கை, என் பெயரில்.